எச்சில் பட்ட டம்ளர்

"அம்மா, அந்த மாமாவுக்கு மட்டும் ஏன் மண் கப்?"

அப்போது மேதாவுக்கு ஆறு வயது.

தில்லி கரோல் பாக்கில், பழைய சத்திரம் ஒன்றின் இடிந்த சுவரை ஒட்டியது அவர்கள் வீடு. மாடி அறையை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவார்கள். பனி மூடிய ஒரு பிற்பகலில், அழுக்கு நீளக் கோட்டுடன் ஒரு கிழ வெள்ளைக்காரர் வாசலில் நின்றார். குதிரை வியர்வை நாறியது.

"வைரம் வாங்க வந்தேன்," என்றார் உடைந்த ஹிந்தியில். "சத்திரத்தில் ஜுரம். தண்ணீர்."

மேதாவின் அப்பா பத்ரி, மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "வைரமாம்! கேட்டியா மாதங்கி? அந்தக் காலத்துலேர்ந்தே இவாள்லாம் இப்படித்தான். வைரத்துக்கும் மிளகுக்கும் வருவா. நம்ம சாதத்தைத் தின்னுட்டு, வாய் எரியறது, சத்திரத்துல மூட்டைப்பூச்சின்னு ஊருக்குப் போய் எழுதுவா."

"வாய் வச்சு உறிஞ்சற ஜன்மம். நம்ம டம்ளரையா குடுக்க முடியும்?" என்றாள் மாதங்கி.

மண் கப்பைப் படியில் வைத்து விலகினாள். கப்பின் விரிசல் வழியே தண்ணீர் முழுதும் ஒழுகிப்போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்ரியும் மாதங்கியும் வேறு தண்ணீர் தர அசையவில்லை.

குழந்தைக்கு இளக்காரம் இன்னும் பழகவில்லை. மேதா பூஜை அலமாரியின் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஐயோ, எச்சில்!" என்று மாதங்கி அலறினாள்.

அவர் வாய் வைத்து நிதானமாகக் குடித்தார். டம்ளரோடு சத்திரச் சுவரை நோக்கி நடந்தார்.

அந்தச் சுவரில் வாசல் கிடையாது.

பனி விலகியபோது ஆளும் இல்லை.

"திருட்டுப் பய," என்றான் பத்ரி.

ஜனவரிக் குளிரில் ஒருநாள் கரண்ட் போனது. மாடி அறையில் அங்கீட்டி என்ற கரி அடுப்பை மூட்டி, அதனருகே மேதாவைத் தூங்க வைத்துவிட்டு மாதங்கி சமைக்க இறங்கினாள். ஜன்னலைக் குளிருக்காகப் பத்ரி ஆணியடித்து மூடியிருந்தான்.

மூடிய அறையில் கரிப்புகை. நினைவு வந்ததும் மேலே ஓடினாள்.

மேதா அசையவில்லை.

ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

வெளியே நிற்க இடமில்லை. கீழே சத்திரச் சுவரும் பனியும்தான். அறையெங்கும் குதிரை வியர்வை வாடை.

மேதா இருமினாள். கண் விழித்தாள்.

ஜன்னல் விளிம்பில் பிடுங்கிய ஆணிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் வெள்ளி டம்ளர். அதன் வாயில் ஈரமான உதட்டுத் தடம்.

மாதங்கி அதைத் தேய்க்கப் புளி தேடவில்லை.

மறுநாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அதில் தண்ணீர் நிரப்பி ஜன்னலில் வைத்தாள். கூடவே ஒரு கிண்ணம் தயிர்சாதம், மிளகாய் கிள்ளிப் போடாமல். கைகூப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்தபோது கிண்ணம் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.