மாறவேளுக்கு யார் சொல்வது

தனபாக்கியத்தைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அம்சவேணி வேலைக்குப் போன முதல் நாள் அது. மாதனூரில் பஸ் ஏறி, ஆம்பூர் எல்லையில் இறங்கி, டேனரி மதில் ஓரமாக நடந்தாள். சுண்ணாம்பில் ஊறவைத்த தோலின் வாடை வழக்கம்போல மதிலைத் தாண்டி வந்தது. பக்கத்தில் பேசிக்கொண்டு வர ஆள் இல்லை என்பதைத் தவிர ரோடு அப்படியேதான் இருந்தது.

ஷூவின் மேல்தோல் தைக்கும் அந்தக் கம்பெனி ஒரு பழைய வீட்டில் நடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு தோல் வியாபாரி கட்டிய வீடு. பெரிய கூடம். உயரத்தில் அழுக்கேறிய கண்ணாடி ஜன்னல்கள். நடுப்பகலிலும் உள்ளே ஒரு மங்கல். கூடத்தில் நான்கு மெஷின்கள், நான்கு பெண்கள். கோவிந்தம்மாள்தான் மூத்தவள். அடுத்து ஜெயம்மாள், அப்புறம் தனபாக்கியம், கடைசி மெஷினில் அம்சவேணி. சூப்பர்வைசர் முனீர் அகமதுவை எல்லோரும் முனீர் பாய் என்பார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சத்தம் உண்டு. மூன்றாவது மெஷின் ஓட்டத்தின் நடுவில் ஒருமுறை இருமும்.

இருமியது.

உள்ளே தனபாக்கியம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டைத் தாண்டப் போய் லாரியில் அடிபட்ட அன்று கட்டியிருந்த கத்திரிப்பூ நிறப் புடவை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இன்னா வேணி, லேட்டு?" என்றாள் தலையைத் தூக்காமல். "பஸ்ஸ வுட்டுட்டியா? நானே எப்பிடி வந்தேன்னு நெனப்பு இல்ல. வந்து ஒக்காந்துனு இருக்கேன்."

அம்சவேணி கோவிந்தம்மாளைப் பார்த்தாள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. ஜெயம்மாளின் தையல் கோணிக்கொண்டு போனது. ஆனாலும் தைத்தாள். முனீர் பாய் வெட்டிய தோல் துண்டுகளை ஒவ்வொரு மெஷினிலும் வைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மெஷினிலும் வைத்தார். வைக்கும்போது கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

அம்சவேணி தன் இடத்தில் உட்கார்ந்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தோல் ஒட்டும் சொல்யூஷனை ரொம்ப நேரம் முகர்ந்தால் தலைக்குள் பஞ்சு அடைத்தாற்போல் ஆகும். அப்படித்தான் இருந்தது.

தண்ணீர்க் குழாய்க்குப் போனபோது கோவிந்தம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"எதுவும் கேட்டுடாத," என்றாள் காதருகே. "அவளுக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

"செத்தது." குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் மீதியைச் சொன்னாள். "மாறவேளு மாதிரி. அவ சொன்ன மாதிரியே."

மாறவேள் என்பவன் ஒரு கதையில் வரும் தளபதி. 'மஞ்சள் நிலாக் கோட்டை' என்று வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த மாயாஜாலத் தொடர்கதை. அந்த வருஷம், எண்பத்திரண்டில், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதுமே தீர்ந்துவிடும். ஜெயம்மாள் எப்படியாவது ஒன்று வாங்கி வருவாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் உரக்கப் படிக்க, மற்ற மூவரும் கேட்பார்கள். படித்து முடித்த பிறகுதான் உண்மையான கச்சேரி.

கதை இதுதான். போருக்குப் போன மாறவேள் கோட்டைக்குத் திரும்பி வருகிறான். அவனைக் கண்டு குதிரைகள் மிரள்கின்றன. விளக்குகள் மங்குகின்றன. ராணி அவன் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள். ஏன் என்று எழுத்தாளர் சொல்லவே இல்லை. வாராவாரம் இழுத்துக்கொண்டே போனார்.

ராணி சூனியம் வைத்துவிட்டாள் என்பது கோவிந்தம்மாளின் கட்சி. வந்திருப்பவன் மாறவேளே இல்லை, அவனுடைய இரட்டைப் பிறவி என்பது ஜெயம்மாளின் கட்சி. அம்சவேணிக்குக் கட்சி எதுவும் இல்லை. எது நடந்தாலும் சரி என்பாள்.

தனபாக்கியம் மட்டும் வேறு மாதிரி படிப்பவள். பழைய இதழ்களைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள்.

"அவன் போர்லயே செத்துட்டான்," என்று ஒருநாள் சொன்னாள். "திரும்பி வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு தின்னதா எழுதியிருக்காரா, பாரு. தூங்குனதா எழுதல. படம் போடறவரு எல்லாருக்கும் நெழல் போடறாரு, அவனுக்குப் போடல. செத்தது அவனுக்குத் தெரியாது. கோட்டையில மத்த எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"யாரு சொல்றாங்களோ அவங்க மேல அந்தச் சாவு ஏறிக்கும். அதான் பயந்துனு வாயத் தொறக்காம கீறாங்க."

கோவிந்தம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தாள். இப்போது அதே கோவிந்தம்மாள் குழாயடியில் நின்று, அந்தப் பேச்சையே சட்டம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் சொல்லவில்லை. நாட்கள் போயின.

தனபாக்கியம் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பாள். அவள் வரும்போது யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொள்வாள். மூடியைத் திறக்க மறந்துவிடுவாள். சாயங்காலம் அவள் தைத்த துண்டுகளை முனீர் பாய் எடுத்துப் பார்ப்பார். ஊசி இறங்கிய துளைகள் வரிசை தப்பாமல் இருக்கும். நூல் இருக்காது. அவர் அவற்றைத் தனியாகக் கட்டிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டியிருந்தது.

பத்திரிகை வந்தது. ஜெயம்மாள் படித்தாள். குரல் மட்டும் தட்டையாகிவிட்டிருந்தது.

"பாத்தியா," என்றாள் தனபாக்கியம். "இந்த வாரமும் அவன் தின்னல. நான் சொல்லல?"

ஜெயம்மாள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இன்னா எல்லாரும் கம்முனு இருக்கீங்க? சண்டைக்கு வாங்க," என்றாள் அவள். முகத்தில் லேசாக ஒரு வருத்தம் தெரிந்தது. பிறகு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவள் புருஷன் அரங்கநாதன் கம்பெனி வாசலில் வந்து நின்றான். குடியாத்தத்து முதலாளி ஒருவருக்கு லுங்கி நெய்து தருபவன். வீட்டிலேயே தறி. தறியில் உட்கார்ந்தபடியே தூளிக் கயிற்றை இழுத்துக் குழந்தையைத் தூங்கவைப்பான். அம்சவேணியைத் தனியாக மதில் பக்கம் கூப்பிட்டான்.

"இங்க வர்றாளா?" என்று கேட்டான்.

அம்சவேணி தலையசைத்தாள்.

"அங்கயும் வர்றா." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடறா. வந்ததும் கொழந்தய மடியில போட்டுனு பால் குடுக்கறா. நான் தறியில ஒக்காந்துனு பாத்துனே இருக்கேன். என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"கொழந்த?"

"அழுவறதே இல்ல, வேணி. பசும்பால் குடுத்தா துப்பிடுது. அவகிட்ட மட்டுந்தான் குடிக்குது." தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அந்தத் தொடர்கதையப் பத்தி எங்கிட்டயும் சொல்லிக்கினே இருப்பா. நான் சொல்லி, நான் போய்ட்டா, கொழந்தைக்கு யாரு?"

அன்று அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு அம்சவேணி அவனோடு மாதனூரில் அவன் வீட்டுக்குப் போனாள். குழந்தை தூளியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தது. பிறந்து எட்டு மாதமான பெண். உடம்பு ஈரத்தோல்போலச் சில்லென்றிருந்தது. வாயோரம் சுண்ணாம்பு வாடை அடித்தது. அம்சவேணி அதன் உள்ளங்காலை நகத்தால் கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

குழந்தை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அம்சவேணிக்குக் கல்யாணமான வருஷமே புருஷன் போய்விட்டான். பிள்ளை கிடையாது. அவளை எதிர்பார்த்து வீட்டில் யாரும் இல்லை. திரும்பி நடக்கும்போது இதை அவள் துணிச்சலாக நினைக்கவில்லை. சொல்லக்கூடியவர்களில் யார் போனால் கம்மியான பேருக்குப் பேஜார் என்று யோசித்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னாள். கோவிந்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். கூடத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மேலே ஜன்னல் கண்ணாடியில் வெயில் பழுப்பாகத் தேங்கி நின்றது.

அம்சவேணி புது இதழை விரித்து வைத்துக்கொண்டாள். அச்சில் இல்லாததைப் படித்தாள்.

"மாறவேள் செத்துட்டானாம், பாக்கியம். போர்லயே."

தனபாக்கியத்தின் முகம் மலர்ந்தது. "நெசமாவா? அப்பிடியே போட்டுக்கீதா?"

"ஆமா."

"நான் அப்பவே சொன்னேன்ல. ஒருத்தியும் நம்பல." பிறகு கேட்டாள், "யாரு சொன்னது அவங்கிட்ட?"

"அவன் தோஸ்த் ஒருத்தன்."

"அவனுக்கு இன்னா ஆச்சி?"

"அது இன்னும் வரல."

தனபாக்கியம் தலையாட்டினாள். மடியிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள். மூடியில் தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்தாள். தூசி அப்படியே இருந்தது.

கூடம் குளிர்ந்தது.

"வேணி," என்றாள் மெதுவாக. "நான் எப்ப சாப்ட்டேன்?"

அம்சவேணி இதழை மடித்து வைத்தாள்.

"நீ செத்துட்ட, பாக்கியம்."

"எப்ப?"

"ரோட்ட தாண்டறப்ப. லாரி வந்துச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உசுரு போயிடுச்சி. ஆத்தோரமா வச்சிட்டு வந்தோம். நானும் மண்ணு போட்டேன்."

தனபாக்கியம் அழவில்லை. கணக்குப் புரிந்தவளைப்போல முகம் நிதானமாக இருந்தது.

"கொழந்தைக்குப் பால் குடுத்துனே இருக்கேனே."

"அதான் சொல்றேன்."

தனபாக்கியம் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு அவள் எழுந்தாள். ஊசியை மேலே தூக்கி வைத்து, மெஷினைத் துணியால் துடைத்து, உறையைப் போட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது செய்கிற வேலை.

"உனுக்கு, வேணி?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம் போ."

தனபாக்கியம் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். செருப்பு விடும் இடம் வரை அம்சவேணிக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் வெயில் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் குழந்தை அழுதது. தெருவே கேட்கும்படி அழுதது. பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பசும்பாலைக் குடித்துவிட்டு மறுபடி அழுதது. அரங்கநாதன் தறியை நிறுத்திவிட்டு, அந்த அழுகையைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் என்று மறுநாள் பஸ்ஸில் சொன்னார்கள்.

அம்சவேணி தனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ரோட்டைத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் பார்த்தாள். ஜுரம் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. வெயிலில் அவளுக்கு நிழல் விழுந்தது.

ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது மெஷினை முனீர் பாய் பின்பக்கத்துக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் தோல் துண்டுக் கூடையை வைத்தார்கள். ஆடி போய் ஆவணியில் 'மஞ்சள் நிலாக் கோட்டை' முடிந்தது. கடைசி அத்தியாயத்தை ஜெயம்மாள் படித்தாள். மாறவேள் சாகவே இல்லை. ராணி வைத்த சூனியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு முனிவர் வந்து எடுத்துவிட்டார். மாறவேளுக்குக் கல்யாணம், கோட்டையில் விருந்து.

"நான் சொன்னதுதான்," என்றாள் கோவிந்தம்மாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "சூனியந்தான். மத்ததெல்லாம் நம்மளே கற்பன பண்ணிக்கினது. சாவாவது, ஏர்றதாவது."

ஜெயம்மாளும் சிரித்தாள். அம்சவேணியும் சிரிக்கப் பார்த்தாள். நெஞ்சில் ஏதோ இறுகியது. காலையிலிருந்தே ஒரு கனம் இருந்தது. குனிந்து தைத்ததால் என்று நினைத்திருந்தாள்.

எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"யாரு கொழந்த அது?" என்று கேட்டாள்.

"எது?" என்றாள் ஜெயம்மாள். "இங்க கொழந்த எங்க கேக்குது?"

ஒரு மெஷினும் ஓடவில்லை. ஜெயம்மாள் இதழை மடித்துக்கொண்டு கை கழுவப் போனாள். அழுகை நிற்கவில்லை. பசித்த அழுகை. எந்தத் தூளியிலிருந்து வருகிறது என்று அம்சவேணிக்குத் தெரிந்தது. மாதனூரிலிருந்து இவ்வளவு தூரம் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ரவிக்கை நனைந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இல்லை. சில்லென்றிருந்தது. விரலை முகர்ந்தாள்.

பால். அதில் லேசாகச் சுண்ணாம்பு வாடை.

நிமிர்ந்தபோது கோவிந்தம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை. தன் ஸ்டூலை ஓசைப்படாமல் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஊசிக்கு நேராகத் தலை குனிந்துகொண்டாள்.