அதே தொட்டியில் வேறு செடி

காலை 9.40. களவு போனதாகப் புகார் வந்த பொருள், களவு போன இடத்திலேயே இருந்தது. ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்தெருவில், இரண்டாம் மாடி வீட்டு ஜன்னலோரம், நீலப் பெயின்ட் அடித்த மண்தொட்டியில் ஒரு பீஸ் லில்லி. கரும்பச்சை இலைகள், நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ.

"தொட்டி என்னுது. செடி என்னுது இல்ல," என்றார் பிலோமி. வயது அறுபத்தெட்டு. "யாரோ மாத்திட்டாங்க."

உதவி ஆய்வாளர் அன்புக்கரசி சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் மற்றவர்கள் அந்த வேலையை முடித்துவிட்டிருந்தார்கள். புகாரில் எதிர்வீட்டு காத்தூன் பீவியின் பெயர் இருந்ததால்தான் ஆள் வர வேண்டியதாயிற்று. பிலோமி வீட்டு மாற்றுச்சாவி அந்த அம்மாளிடம் இருந்தது. இருபது வருஷமாகப் பிரியாணியும் கேக்கும் கைமாறிய இரண்டு வாசல்கள், நான்கு நாளாகச் சாத்திக் கிடந்தன.

"உங்களுது இல்லன்னு எப்டிம்மா சொல்றீங்க?"

"அது ஜெரால்டு வாங்கியாந்தது. எந்நேரமும் ஜன்னல் பக்கமா சாஞ்சிகினு இருக்கும். இது உங்காளுங்க மாரி வெறப்பா நிக்குது, நீயே பாரு." பேசிக்கொண்டே சொம்பை எடுத்துச் செடிக்குத் தண்ணீர் விட்டார்.

ஜெரால்ட் அவருடைய ஒரே மகன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கி வருவான் என்று பார்த்தால், ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிள்ளை. ஏழு வருஷத்துக்கு முன்பு எண்ணூர் சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். வீட்டில் அவன் கை பட்டது என்று மிச்சம் இருந்தது அந்தச் செடிதான்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம்," என்றாள் மகள் சாண்ட்ரா. அம்பத்தூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். "நல்லா இருக்கிற செடியப் பாத்து வேற செடிங்கறாங்க. பக்கத்து வூட்டு ஆன்ட்டிய திருடிங்கறாங்க. சனிக்கெழம மாதவரத்துல ஒரு ஹோம்ல சேக்கப் போறேன். டாடி ஒருத்தரால எப்டி பாத்துக்க முடியும்?"

"கேட்டியாம்மா?" பிலோமியின் குரல் இறங்கிவிட்டது. "இது என் செடிதான்னு நீயும் சொல்லிட்டா நான் லூசு. இட்டுகினு போயி உட்டுட்டு வந்துருவா."

மூலையில் கணவர் அருள்பிரகாசம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்புக்கரசி வந்ததிலிருந்து அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூட அவர் புரட்டவில்லை.

9.55. அன்புக்கரசி செடியருகே மண்டியிட்டாள். போலீஸ் குவார்ட்டர்ஸில் அவளும் இரண்டு லில்லி வளர்க்கிறாள்; குற்றவாளிகளைவிட அவை சொன்ன பேச்சு கேட்கும் என்பது அவள் கட்சி. இலைகளைப் பிரித்து, அவை தண்டோடு சேரும் இடுக்குகளைப் பார்த்தாள். பிறகு இலை நுனிகளை. எல்லா நுனிகளும் கத்தரிக்கப்பட்டிருந்தன.

"நுனிய ஏம்மா வெட்றீங்க?"

"போர் தண்ணி உப்பு. நுனி கருகிடும். கருகுனத மட்டும் வெட்டுவேன். பச்சைய தொட மாட்டேன், அதுக்கு வலிக்கும்."

"தண்ணி எப்போ விடுவீங்க?"

"தல தொங்குனா மட்டும். தாகம்னா அதுவே சொல்லும். சும்மா ஊத்துனா வேரு அழுகிப்பூடும்." பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, சொம்பைச் சாய்த்தார். தொட்டிக்கு அடியிலிருந்த தட்டு நிரம்பித் தரையில் வழிந்தது. அருள்பிரகாசம் எழுந்து வந்து, துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

அன்புக்கரசி மண்ணில் விரலை நுழைத்தாள். மேலே செம்மண். ஒரு விரல் ஆழத்தில், நர்சரிகளில் மண்ணுக்குப் பதில் போடும் தேங்காய் நார்த்தூள்.

10.10. எதிர்வீடு.

"சாவி?"

"என்கிட்டதான் கீது," என்றார் காத்தூன் பீவி.

"உள்ள போனீங்களா?"

"நான் இன்னாத்துக்கும்மா போவணும்?"

"அவங்க மேல கோவமா?"

"கோவம் இல்லம்மா, வயிறு எரியுது. நேத்து காலைல படியில பாத்து, 'அக்கா, சாப்டியா'ன்னு வாய் நெறைய கேட்டா. சாயங்காலம் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறா. எந்தப் பிலோமி நெசம்னே தெரியல."

10.25. மொட்டை மாடி. செடி வந்த நர்சரித் தொட்டியைத் தேடி அன்புக்கரசி ஏறியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாக்கைப் போட்டு மூடி, நர்சரிக்காரர்கள் செடி வைத்து விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து. அன்புக்கரசி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அருள்பிரகாசத்தை மேலே வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

அவர் வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதான் மாத்துனீங்க, ஐயா."

அவர் சாக்கை எடுத்துத் தொட்டிகளை மறுபடி மூடினார்.

"எலைய அம்மா தெனம் தொடைக்கிறாங்க. ஆனா இடுக்குல ஏறுன லாரிக் கரிய எந்தத் துணியாலயும் எடுக்க முடியாது. இந்தச் செடியில இடுக்கு சுத்தமா இருக்கு. இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆவல. அப்பறம் நுனி. கருகாத பச்ச எலைய வெட்டியிருக்காங்க. அம்மா வெட்ற மாதிரியே தெரியணும்னு வெட்டியிருக்காங்க. அது இந்த வீட்டு ஆளுக்குத்தான் தோணும்."

"அஞ்சு தபா," என்றார் அருள்பிரகாசம். "மாதவரம் நர்சரிலேர்ந்து. ஜன்னல் பக்கம் சாயுற வரைக்கும் ஒண்ணுகூட நெலைக்கல. நாலு தபா அவளுக்குத் தெரியல. இந்தத் தபா கண்டுபுடிச்சிட்டா."

"முந்தினதெல்லாம் ஏன் செத்துச்சு?"

அவர் சாக்கின் ஓரத்தைச் சரிசெய்தார். அன்புக்கரசியே சொன்னாள்.

"நான் வந்து கால் மணி நேரத்துல ரெண்டு தடவ தண்ணி ஊத்துனாங்க. எப்ப ஊத்தணும்னு ஒரு எழுத்து மாறாம சொல்றாங்க. ஊத்திட்டோம்ங்கறதுதான் மறந்துபோவுது. படியில காத்தூன் பீவியப் பாத்தப்ப, அவங்க மேல கோவம்ங்கறதும் மறந்துபோச்சு."

கிழவர் அழுதார். வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, துடைக்கத் துடைக்க அழுதார்.

"ஜெரால்டு செடி போன வருஷமே அழுகிப்போச்சும்மா. மொத நாள் பாத்து அழுதா. சரி, போச்சுன்னு தேத்துனேன். மறுநாள் காலைல எழுந்து வந்து, அப்பத்தான் பாக்கற மாரி, 'ஐயோ ஜெரால்டு'ன்னு அழுதா. அதுக்கு மறுநாளும். தெனமும் புள்ளய புதுசா பொதைக்கிறா. நான் இன்னா பண்ணுவேன்? நாலாம் நாள் போயி ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன்."

கீழே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தது. அன்புக்கரசி அவர் தோளில் கை வைத்தாள். போலீஸ் வேலையில் அதற்கு இடமில்லை என்பார்கள், சொல்பவர்கள் சொல்லட்டும்.

"செடிய மறைச்சீங்க, சரி. நாளைக்கு கேஸ் அடுப்ப மறந்தா? டாக்டர்கிட்ட காட்டணும் ஐயா. மகள்கிட்ட மறைக்காதீங்க."

"இன்னிக்கே சொல்லிடறேன். ஆனா செடி செத்தது அவளாலன்னு மட்டும் அவகிட்ட சொல்லாதம்மா. உன் கால்ல வுழறேன்."

10.50. வீட்டார் மூவரும் கூடத்தில் இருந்தார்கள்; எதிர்வாசலும் திறந்திருந்தது.

"அம்மா சொன்னது நிஜம்," என்றாள் அன்புக்கரசி. "இது வேற செடி. காத்தூன் பீவிக்கு இதுல சம்பந்தம் இல்ல. இத மாத்துனவர்..."

"நாந்தான்," என்றார் அருள்பிரகாசம். "தண்ணிய ஊத்தி ஊத்தி நாந்தான் அழுக உட்டுட்டேன், பிலோமி. உனுக்கு பயந்து புதுசு வெச்சேன்."

பிலோமி முதலில் மகளைத்தான் பார்த்தார். "கேட்டியாடி? நான் லூசு இல்ல." முகம் பத்து வயது குறைந்துபோயிருந்தது. பிறகு கணவரிடம் திரும்பினார். "அறிவு கீதாய்யா உனுக்கு? தல தொங்குனா மட்டுந்தான் தண்ணின்னு எத்தினி தபா சொல்லிகீறேன்? புள்ள வாங்கியாந்த செடியாச்சே!"

"தப்புதான்," என்றார் அவர்.

"அக்காகிட்ட மன்னிப்பு கேளு, மொதல்ல." எதிர்வாசலைக் காட்டிச் சொன்னபடியே, பிலோமி சொம்பை எடுத்துச் செடியின் மேல் சாய்த்தார். தட்டு நிரம்பி, தண்ணீர் தரையில் ஓடி, சாண்ட்ராவின் காலை நனைத்தது.

சாண்ட்ரா தண்ணீரைப் பார்த்தாள். மூலையில், கையில் ஏற்கெனவே துணியோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னா எல்லாரும் இப்டி பாக்கறீங்க?" என்றார் பிலோமி. "காலைலேர்ந்து ஒரு சொட்டு ஊத்தல அதுக்கு."

சாண்ட்ரா அப்பாவின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு மண்டியிட்டாள்.

"ஊத்து மம்மி," என்றாள். "நான் தொடச்சிக்கறேன்."