ஹெப்சிபா திருப்பிப் போட்ட அட்டை

பெலிக்ஸின் சட்டைப் பைக்குள் யாரோ பேசுவது போலிருந்தது. செல்போனாக இருக்கும் என்று ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள். போன் அலமாரி மேல் சார்ஜில் கிடந்தது.

புத்தாண்டு மதியம். ராஜபாளையத்தில் அன்றைக்குத் தறிகளுக்கும் லீவு என்பதால், எப்போதும் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும் கடகடப்புகூட இல்லாமல் தெரு அடங்கிக் கிடக்க, கறிக்குழம்பு வாசனைக்குள்ளே துணி தீய்கிற வாடை ஒன்று மெல்ல மெல்லக் கலந்துகொண்டிருந்தது.

"ஏங்க, ஒங்க வாக்குத்தத்த அட்டையில என்ன வசனம் வந்துச்சு?"

எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த அவள் புருஷன் பெலிக்ஸ் சிரித்தான். "வெறும் அட்டை. அச்சடிக்கிறவன் தூங்கிட்டான் போல."

அவள் கையில் கரண்டி நின்றுவிட்டது.

காலையில் சர்ச் ஆராதனை முடிந்ததும் அட்டைப் பெட்டியை நீட்டினார்கள். வருஷம் முழுக்க ஆண்டவர் தரும் வாக்காக ஆளுக்கொரு பைபிள் வசனம். கையை ஒருமுறைதான் விட வேண்டும். அவள் கைக்கு வந்தது ஒரு எழுத்தும் இல்லாத அட்டை. தனக்கு வாக்கே இல்லையோ என்று பயந்துபோய், யாரும் பார்க்காமல் அதை உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். அடுத்துக் கை விட்டவன் பெலிக்ஸ்.

"அது எனக்கு வந்ததுங்க. நாந்தான் திருப்பிப் போட்டேன்."

"போட்டா என்னட்டி? நீ போடுவன்னு ஆண்டவருக்கு முன்னமே தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சா எங் கையப் பிடிச்சிருக்கலாம்ல?"

"பிடிச்சா பொறவு அது ஒன் கையா? ரசத்த ஊத்து. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒங்க மதினி வீட்டுக்குப் போகணும், அழுமூஞ்சியா வராத."

ரசம் ஊற்றக் குனிந்தாள். அந்த அட்டை இருந்த சட்டைப் பை அவள் காதருகே வந்தது.

ஹெப்சி... எரியுதுட்டி... ஹெப்சி...

பெலிக்ஸின் குரல். அவள் கண்ணெதிரே பெலிக்ஸ் வாய் நிறையச் சோற்றை மென்றுகொண்டிருந்தான். அவன் இனிமேல் அழப்போகிற அழுகை அது. எல்லாம் தெரிந்தவருக்கு அது இன்றைக்கே கேட்டுக்கொண்டிருக்கும்போல.

"அந்த அட்டையத் தாங்க. என்னோடத நீங்க வச்சுக்கோங்க."

"நீயே எடுத்துக்கோ. எங் கை எச்சி."

எடுத்தாள். சுட்டது. அவன் பையில் தன் வசன அட்டையை வைத்தாள். வெள்ளை அட்டையைக் காதில் வைத்துக் கேட்டாள். பெலிக்ஸ் இல்லை. அப்பாடா, ஸ்தோத்திரம்.

பிறகு ஒரு பெண். தொண்டை கிழிந்த குரல்.

அவளுடைய குரல்.

வச்சிரு. அவர் பையிலேயே திருப்பி வச்சிரு. தாங்க முடியல. வச்சிருட்டி.

"மாட்டேன்."

"எத மாட்ட?" பெலிக்ஸ் நிமிர்ந்தான்.

"மாட்டேன். மாட்டேன்."

நிஜமாகவே சொன்னாள். முழு மனதோடு சொன்னாள்.

பெலிக்ஸ் சிரித்தபடி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் பைக்குள் அவள் வலதுகை. வெள்ளை அட்டையை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. விரலுக்கு அடியில் அவன் இதயம் அடித்தது. இடதுகையில், அவன் பையிலிருந்து அவளே அறியாமல் எப்போதோ உருவிவிட்ட தன் வசனம்.

வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. மாட்டேன். மாட்டேன்.