மேசைக்கு வைத்த பொட்டு

கைத்தொலைபேசி அலறியது.

சுமித்திரா பாய்ந்து எடுத்தாள். மூன்று நாளாக அவளுக்குச் சரியான நித்திரை இல்லை.

"தங்கச்சி, பொலிசில இருந்து சார்ஜன்ட் சஜீவன் கதைக்கிறன். உங்கட மனுசனை இண்டைக்குப் பின்னேரம் நீதவானுக்கு முன்னால கொண்டு போறம். உடுப்புக் குடுக்கிறதெண்டா கொண்டு வாங்கோ."

"எத்தினை நாளைக்கு உடுப்பு, சேர்?"



"கொலைக் கேஸ் தங்கச்சி. நிறையக் கொண்டு வாங்கோ."

கொலை...!

செத்துப் போனவள் ஞானேஸ்வரி. சுமித்திராவின் பக்கத்து வளவுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். விஜயதசமியன்று காலை ஏரம்புவின் உழவு இயந்திரப் பெட்டியில், கோயில் அன்னதானப் பானைகளுக்குக் காவலாகக் கடைசி நேரத்தில் ஏறியவள்.

வட்டக்கச்சி வாய்க்கால் கட்டில் இயந்திரம் மூச்சுப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

படார்!

பெட்டியை இயந்திரத்தோடு கொழுவியிருந்த இரும்பு ஆணி முறிந்தது. பெட்டி பின்பக்கமாக உருண்டு வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. பானைகளை விலக்கி ஞானேஸ்வரியைத் தூக்கியபோது மூச்சில்லை.

முறிந்த ஆணியைப் பார்த்த பொலிசார் திகைத்துப் போனார்கள். கட்டியாக இருக்கவேண்டிய ஆணி உள்ளே கோறையாக இருந்தது! யாரோ அடிப்பக்கத்தால் நெடுகத் துளை போட்டு, வாயைக் கிறீசால் அடைத்திருந்தார்கள்.

அந்த ஆணியைக் கடைந்து கொடுத்தவன் யதுர்ஷன். சுமித்திராவின் கணவன். கிளிநொச்சி ஏ9 வீதியோரத்தில் பட்டறை வைத்திருப்பவன். போதாக்குறைக்கு, போன வாரம் கோயில் கூட்டத்தில் ஏரம்புவின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன். பொலிசுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்த சுமித்திரா, அழுகையை அடக்க முடியாமல் தொலைபேசியில் இருந்த படங்களைத் தட்டினாள். ஆயுத பூசைப் படம் வந்து நின்றது. மாலை போட்ட டிரில் மெசின். அதன் தூணில் அவள் வைத்த சந்தனப் பொட்டு.

பொட்டு...!

பையையும் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

"மேடம், அவரை விடுங்கோ! அண்டைக்கு இரவு வேற ஆரோ பட்டறைக்குள்ள போயிருக்கினம்!"

சப் இன்ஸ்பெக்டர் பத்மாசனி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இருங்கோ தங்கச்சி. முதல்ல மூச்சை விடுங்கோ. பிறகு கதையைச் சொல்லுங்கோ."

"பூசைக்கு முதல் நாளே ஆணியைக் கொழுவியாச்சு மேடம். அப்ப அது கட்டி ஆணி. ஏரம்பு ஐயாவே கையில வாங்கித் தட்டிப் பாத்தவர். பூசை அண்டு ரக்ரரும் பெட்டியும் மாலை போட்டபடி எங்கட பட்டறை வளவுக்குள்ளதான் நிண்டது. விடிய ஐயா வந்து எடுத்துக்கொண்டு போனார். அப்ப துளை போட்டது அந்த இரவிலதானே?"

"ஓம். போட்டது உங்கட மனுசன் எண்டுறதுதான் எங்கட கதை."

"அவர் இரவு முழுக்க வீட்டில! என்னோட!"

"நீங்கள் முழிச்சிருந்தனீங்களோ?"

"எனக்குத் தலையிடி. அவர் குளிசை தந்தவர்... அடிச்சுப் போட்ட மாதிரிப் படுத்திட்டன். ஆனா விடிய என்னை எழுப்பினது அவர்தான்!"

மூலையில் நின்ற சஜீவன் சிரித்தார்.

"மனிசிமாரின்ர சாட்சியை நம்பினா, மறியல்சாலையில நுளம்புதான் மிஞ்சும் மேடம்."

"இதைப் பாருங்கோ!" சுமித்திரா படத்தை நீட்டினாள். "இது தூண். இந்தத் தூணில மேசை ஏறி இறங்கும். கைபிடியைச் சுத்தினாச் சரி. மேசையின்ர வளையம் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருக்கு, பாத்தீங்களோ? நான் பொட்டு வைச்சது அந்த வளையத்துக்கும் தூணுக்கும் நடுவில. பாதி மேல, பாதி கீழ."

பத்மாசனியின் கண்கள் சுருங்கின.

"ஆணியை நிமித்தி வைச்சு நெடுகத் துளைக்கிறதெண்டா, மேசையை இறக்கோணும்..."

"ஓம் மேடம்! ஒரு சாணாவது இறக்கோணும்!"

"இறக்கினாப் பொட்டு ரெண்டாப் பிளந்திடும்." பத்மாசனி எழுந்தார். "சரி. அதை உங்கட மனுசன் செய்திருக்க மாட்டாரோ?"

"அவரோ? பூசையில வைச்ச மெசினைத் தொடுறதோ? பொட்டில்லாம ஒரு நாளும் சுவிச்சைப் போடாத மனுசன் மேடம்! பட்டறையின்ர மற்றத் திறப்பு அனோஜனிட்ட இருக்கு. அவரோட வேலை செய்த பெடியன். போன கிழமைதான் கோவிச்சுக்கொண்டு வேலையை விட்டு நிண்டவன்."

"பொட்டை வைச்சது நீங்களோ, அவரோ?"

"நான்தான்! மோதிர விரலால வைச்சனான். அவர் அந்த நேரம் வெளியில ரக்ரருக்கு மாலை கட்டிக்கொண்டு நிண்டவர். மெசினுக்குக் கிட்டவும் வரேல்ல. பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வீட்டை போனனாங்கள். எங்க வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுறன்!"

ர்ர்ர்... ர்ர்ர்...

மேசையில் பிளாஸ்ரிக் பைக்குள் கிடந்த தொலைபேசி அதிர்ந்தது. யதுர்ஷனின் தொலைபேசி. திரையில் 'இரும்புக்கடை வவுனியா' என்று எழுத்து மின்னியது.

"மூண்டு நாளா இதே கடை," என்று அலுத்துக்கொண்டார் சஜீவன். "சாமான் வந்திட்டுதாக்கும்."

"அவர் இரும்பு எடுக்கிற கடை," என்றாள் சுமித்திரா. அவளுக்கு அப்போது எந்தக் கடையைப் பற்றியும் கவலையில்லை.

"அதையும் கொண்டு வாரும் சஜீவன். ஜீப்புக்குப் போவம். அந்த அனோஜனையும் திறப்போட வரச் சொல்லும்."

பட்டறை வாசலில் அனோஜன் நின்றான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூட்டைத் திறக்கும்போது திறப்பு இரண்டு தரம் கைதவறி விழுந்தது.

சுமித்திரா வாசற்படியில் தயங்கினாள்.

"என்ன?" என்றார் பத்மாசனி.

"பூசை வைச்ச இடம் மேடம்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "விஜயதசமி அண்டு விடியத்தான் எனக்குச் சுகமில்லாம வந்தது. அதுதான் மூண்டு நாளா இந்தப் பக்கம் வரேல்ல."

பெண்ணுக்குப் பெண் இதற்கு விளக்கம் தேவையில்லை.

"கடவுள் கோவிச்சா என்ர பேரைச் சொல்லுங்கோ. வாங்கோ."

உள்ளே வாடிய மாலையின் மணமும் எண்ணெய் மணமும் கலந்து கிடந்தன. நடுவில் டிரில் மெசின் நின்றது.

அனோஜன் பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வேகமாக முன்னே போனான்.

"தூசி மேடம். துடைச்சு விடுறன்..."

"தொடாதையடா!" சுமித்திரா கத்திய கத்தலில் அவன் கையில் இருந்த துணி பறந்தது.

சஜீவன் அவனுடைய கொலரைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். பத்மாசனி டோர்ச் அடித்துக்கொண்டு தூணுக்குக் கிட்டப் போனார். குனிந்தார். பார்த்தார்.

திரும்பியபோது அவர் முகத்தில் எதுவுமே இல்லை.

"தங்கச்சி... பொட்டுப் பிளக்கேல்ல. முழுசாக் கிடக்கு."

சுமித்திராவுக்குக் கண் இருட்டியது. அவ்வளவுதானா? இனிப் பின்னேரம் நீதவான், பிறகு மறியல், பிறகு...

"பொட்டாவது முழுசாக் கிடக்கே," என்றார் சஜீவன். "கேஸும் முழுசாக் கிடக்கு. போவம் மேடம்."

"நில்லுங்கோ!"

சுமித்திரா தூணுக்கு முன்னால் நின்றாள். கையில் தொலைபேசி. படத்தைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். மறுபடியும் படம். மறுபடியும் தூண்.

"மேடம்... இது என்ர பொட்டில்லை!"

"என்ன?"

"நான் வைச்சது சின்னப் பொட்டு. நடுவில குங்குமம். படத்தைப் பாருங்கோ! இது பெரிசு. குங்குமமும் இல்லை!"

பத்மாசனி தொலைபேசியைப் பிடுங்கிப் பார்த்தார். உண்மைதான்.

"சஜீவன்! துளைச்சவன் மேசையை இறக்கியிருக்கிறான். பொட்டுப் பிளந்திட்டுது. வேலை முடிய மேசையைத் திரும்ப ஏத்தி, பழசைத் துடைச்சுப்போட்டுப் புதுசா வைச்சிருக்கிறான்! குங்குமம் ஏன் வைக்கேல்ல?"

"குங்குமச் சிமிழை நான் வீட்டை கொண்டு போயிட்டன் மேடம். சந்தனக் கிண்ணத்தைத்தான் மறந்துபோய் இங்க விட்டனான்."

கிண்ணம் தட்டில் இருந்தது. காய்ந்து வெடித்த சந்தனத்தில், யாரோ ஒரு விரலால் வழித்து எடுத்த தடம் தெரிந்தது.

"அப்ப வைச்சவன்ர கைரேகை...!" சஜீவன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பாய்ந்தார். "கிடக்கு மேடம்! அச்சு மாதிரிக் கிடக்கு! பெருவிரல். குறுக்கால ஒரு கோடும் போகுது. பழைய வெட்டுக்காயத்தின்ர தழும்பாக்கும்."

"டேய், கையைக் காட்டு!"

அனோஜன் இரண்டு கைகளையும் நீட்டினான். பெருவிரல்கள் இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"நான் செய்யேல்ல மேடம்... பொலிஸ் எண்டாலே எனக்குப் பயம்... அதுதான் என்ன செய்யிறதெண்டு தெரியாமத் துணியை எடுத்தனான்..."

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பத்மாசனி சுமித்திராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமித்திராவின் முகத்தில் இரத்தமே இல்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது!

அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும். தகரம் வெட்டிய காயம். அவள்தான் மருந்து கட்டியவள். விஜயதசமி விடியற்காலை அந்த விரல்தான் அவளை எழுப்பியது. யதுர்ஷன் குளித்து, நெற்றியில் ஈரச் சந்தனத்தோடு கட்டிலடியில் நின்றான். அவள் நெற்றியிலும் பெருவிரலால் ஒரு பொட்டு வைத்தான். தழும்பு நெற்றியில் சொரசொரத்தது.

வீட்டில் ஏது சந்தனம்? கிண்ணம் இங்கே அல்லவா இருந்தது!

பொட்டு அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் ஒரு இழுவை. அவ்வளவுதான்! புருசன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவளுடைய கை தானாக எழும்பியது.

பத்மாசனி தடுக்கவில்லை. கேள்வி ஒன்றை மட்டும் கேட்டார்.

"தங்கச்சி... அண்டைக்குப் பெட்டியில ஏற இருந்தது ஆர்?"

எழும்பிய கை அப்படியே நின்றது.

'நீ பெட்டியில இருந்து பானையளைப் பிடிச்சுக்கொண்டு வா. நான் மோட்டச்சைக்கிள்ள பின்னால வாறன்.' அப்படித்தான் அவன் சொன்னான். ஏறப்போன நேரத்தில்தான் அவளுக்குச் சுகமில்லாமல் வந்தது. கோயிலுக்குப் போகக்கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஞானேஸ்வரியைக் கூப்பிட்டாள். 'அதுக்கென்னடி, நான் போறன். நீ படு' என்று சிரித்துக்கொண்டே ஏறினாள் அந்தப் பாவி...

"நான்," என்றாள் சுமித்திரா. "நான்தான் மேடம்."

கையை இறக்கினாள். நிலத்தில் குந்தினாள். ஞானேஸ்வரிக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

சஜீவன் தொப்பியைக் கழற்றினார்.

"கட்டின மனுசியைக் கொல்லப் பயமில்லை. மெசினைப் பொட்டில்லாம விடத்தான் பயந்திருக்கிறான்!"

"படம் எடும், சஜீவன்," என்றார் பத்மாசனி. "ஆனா ஏன்? மனுசியைக் கொல்லிற அளவுக்கு என்ன...?"

ர்ர்ர்... ர்ர்ர்...

சஜீவனின் கையில் இருந்த பிளாஸ்ரிக் பை அதிர்ந்தது.

இரும்புக்கடை வவுனியா!

பத்மாசனி அந்த எழுத்துக்குக் கீழே இருந்த இலக்கத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய புருவம் உயர்ந்தது.

"வவுனியாக் கடைக்கு எப்ப இருந்து கனடா நம்பர்? எடும். சத்தமா விடும். ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

சஜீவன் பைக்கு மேலாலேயே திரையைத் தட்டினார்.

"யது!" ஒரு பெண்குரல் கொஞ்சியது. "ஏன் மூண்டு நாளா எடுக்கேல்ல? பெட்டி பிரண்டு ஒரு பொம்பிளை செத்தது எண்டு நியூஸில பாத்தனான். பேரைப் போடேல்ல, ஆனா எனக்கு விளங்கிட்டுது! டிவோஸ் எண்டு கோட்டுக்கு அலைஞ்சா வருசக்கணக்கா இழுபடும் எண்டு நான் அப்பவே சொன்னனான்தானே? இனிப் பிரச்சினை இல்லை. மரணச் சான்றிதழை அனுப்புங்கோ, நான் உங்களை இங்க கூப்பிட ஸ்பொன்சர் பேப்பரைப் போடுறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எப்ப வருது?"

பத்மாசனி உதட்டில் விரலை வைத்தார்.

"யது...? ஹலோ? ஆர் அங்க?"

சுமித்திரா எழுந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். சஜீவனின் கையில் இருந்த பைக்குக் கிட்ட வாயைக் கொண்டு போனாள்.

"நான்தான் கதைக்கிறன்... செத்துப்போனவள்!"

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

"பயப்பிடாதேங்கோ. பேப்பர் ஒண்டும் போடத் தேவையில்லை." உடுப்புப் பையைத் தூக்கி சஜீவனின் காலடியில் போட்டாள். "உங்கட மாப்பிள்ளையை இலங்கை அரசாங்கமே ஸ்பொன்சர் பண்ணிட்டுது. பயணப் பையும் நானே கட்டி முடிச்சிட்டன்!"