நூற்றுப்பத்து வயது நாடி

“ஐயோ... சாமி செத்துட்டாரு!”

ஹந்தானை ரோட்டு மடத்துக்குள் அலறல் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் கபிரியேல் வாசலில்தான் நின்றார். பக்தர்கள் கொடுத்த நகைகள் எங்கே என்று சாமியாரைக் கேட்க வந்தவர்.

பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சுவக்கினைப் பிடித்து வந்தார்கள்.

கட்டிலில் வெள்ளைத் தாடி. காவிப் போர்வை. வயது நூற்றுப்பத்து என்று சொல்லி இளமை லேகியம் விற்ற சாமியார்... அசையவில்லை.

“இவ குடுத்த காப்பியில விஷம். செத்தாச்சுன்னு எழுதிக் குடுங்க. எனக்கு ஐம்பத்துநாலு. அடுத்த வருஷம் பென்ஷன். அதுக்குள்ள ஒரு கொலைக்கேசாவது வேணாமா?” இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டார்.

சமையற்காரி பாலம்மாவின் கைகளில் விலங்கு.

“வெறும் காப்பிங்க, ஐயா. சீனிகூட போடல. என்னத் தூக்குல போட்டுறாதீங்க.”

சுவக்கின் மணிக்கட்டைத் தொட்டார். நாடி இல்லை.

ஆனால்... விரலுக்கு வேறு எதுவும் தட்டுப்படவில்லையே?

விரலை அழுத்தி உருட்டினார்.

“என்ன தேடுறீங்க?”

“ரத்தக்குழாய. இளசுல அதோட சுவர்ல ரப்பர் மாதிரி நார் இருக்கும். சுருங்கி விரியிற தசை அணு இருக்கும். வயசாக ஆக நார் அறுந்துபோகும். அணு ஒண்ணொண்ணா சாகும். அந்த இடத்துல சுண்ணாம்பு படியும்.”

“பொணத்த வச்சுக்கிட்டு பாடமா?”

“கேளுங்க. கிழவன் செத்தாலும் குழாய் கோழிக் கழுத்து மாதிரி கரடுமுரடா தட்டுப்படும். இவருக்கு ஒண்ணுமே தட்டுப்படல. வயசு முப்பது தாண்டாது.”

பிணத்தின் இரண்டு கைகளையும் வெடுக்கென்று தூக்கினார்.

அக்குள்களிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்கள் உருண்டன. ஒன்று இன்ஸ்பெக்டரின் சப்பாத்துக் காலில் போய் முட்டியது.

“இத அக்குள்ல வச்சு இறுக்கினா கையில நாடி நிக்கும். இளசான குழாய்தான் நசுங்கும். கிழட்டுக் குழாய்க்கு மாங்காய வச்சாலும் பலிக்காது.”

பிணம் எழுந்து ஓடியது!

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். கையில் தாடி மட்டும் மிஞ்சியது.

பாலம்மா காலை நீட்டினாள்.

குப்புற விழுந்தவனின் மடியிலிருந்து நகைகள் சிதறின.

பாலம்மாவின் விலங்கைக் கழற்றி அவனுக்கு மாட்டப்போன இன்ஸ்பெக்டருக்கு ஒரே குஷி. மணிக்கட்டை நீட்டினார்.

“என் குழாய் எப்படி?”

சுவக்கின் தொட்டார். புருவம் ஏறியது.

“ஐம்பத்துநாலுன்னா சொன்னீங்க?”

“ஆமா.”

“இந்தச் சுண்ணாம்புல ஒரு வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம். அறுபதுக்குக் குறையாது. வேலைக்குச் சேரும்போது எத்தன வருஷத்த முழுங்கினீங்க?”

இன்ஸ்பெக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

“மெதுவா பேசுங்க... பத்துத்தான்.”

பாலம்மா மணிக்கட்டைத் தடவியபடி சொன்னாள்.

“சாமி வயசக் கூட்டினாரு, ஐயா கொறச்சீங்க. விலங்கு ஒண்ணுதானே இருக்கு... ஆளுக்கொரு கையா மாட்டிக்குங்க.”