பெயர் பொறித்த பல்செட்

இடுப்பில் குழந்தையோடு வந்த அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அப்பா பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற இன்ஜினியர். தன் பல்செட்டை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று ஒரே பிடிவாதம். மாட்டினால் நிற்பதில்லை, மென்றால் வலிக்கிறது என்று கழற்றி வீசுகிறார். அண்ணனோ அதைப் புத்தித் தடுமாற்றம் என்கிறான். இன்று மாலை மனநல டாக்டர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் அப்பா முதியோர் விடுதிக்குப் போகவேண்டியதுதான்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டார் துப்பறியும் அம்மையார்.

"போன வாரம் அப்பாவுக்கும் குழந்தைக்கும் ஒண்ணா காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம்தான். ஆனா அப்பா பொய் சொல்ற ஆளில்லைங்க."

அவள் படியிறங்கியதும் அம்மையாரின் கொழுந்தன் தீர்ப்பே சொல்லிவிட்டான். "வீட்டு மேல அண்ணனுக்குக் கண்ணு, அண்ணி. பல்லை மாத்தினது அவன்தான்."

அம்மையாருக்கு அவன் அவசரம் பழகியதுதான். பல் டாக்டரிடம் போய், அந்தச் செட் செய்தபோது பெரியவரின் வாயை அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் அச்சை வாங்கிவரச் சொன்னார்.

அச்சோடு இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். குளியலறையில், கிண்ணத்துத் தண்ணீரில் பல்செட் கிடந்தது. அம்மையார் மேல்செட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் இளஞ்சிவப்பு ஈறுப் பகுதியின் உட்புறத்தில் பெரியவரின் பெயர் பொறித்திருந்தது. பக்கத்தில் அதைத் தேய்க்கும் பிரஷ். புதிதுதான், ஆனால் இழைகள் சுருண்டு, கைப்பிடி வளைந்திருந்தது. செட்டை ஊறவைக்கும் மாத்திரைகளை வாங்கித் தந்தது அண்ணன் என்று தெரிந்ததும் கொழுந்தன் அம்மையாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அடுப்பில் பெரிய பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேடையில் பால்புட்டிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

மனநல டாக்டர் வந்ததும் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னான். வீசிய தட்டு, வீட்டாரையே திருடர் என்றது, கடைசியாக அந்தப் பெயர். "தன் பேரு போட்ட பல்லையே தன்னுது இல்லைங்கறார் டாக்டர். இதுக்கு மேல என்ன வேணும்?"

பெரியவர் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"பல்லும் அவருடையது, அவர் சொல்றதும் உண்மை," என்றார் அம்மையார்.

மேல்செட்டைப் பிளாஸ்டர் அச்சின் மேல் வைத்தார். "செஞ்சப்போ இது அச்சோட ஒட்டின மாதிரி உட்கார்ந்திருக்கும். இப்போ பாருங்க." விரலால் தொட்டதும் அது ஆடியது. ஒரு பக்கம் அழுந்த, மறுபக்கம் நகம் நுழையும் இடைவெளி.

"மாத்திரைதானே அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"மாத்திரை அழுக்கைத்தான் எடுக்கும். இந்த ஈறு ஒரு வகை பிளாஸ்டிக். கொதிக்கிற தண்ணியில இளகி, ஆறும்போது வேற வடிவத்துல இறுகிடும். பிரஷும் அதே வெந்நீர்ல குளிச்சிருக்கு. இந்த வீட்டுல தினமும் எதைக் கொதிக்க வைக்கிறீங்க?"

குழந்தையை அணைத்திருந்த பெண்ணின் முகம் வெளுத்தது.

"புட்டியோட சேர்த்துப் போட்டேன்," என்றாள் மெதுவாக. "காய்ச்சல் கிருமி போகட்டும்னு... நான்தாம்பா."

அம்மையார் குரலை உயர்த்தாமல் அவளுக்கு விளக்கினார்: சாப்பிட்டதும் அலசி, மெல்லிய பிரஷால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், இரவில் சாதாரணத் தண்ணீரில் ஊறவேண்டும், காயவும் கூடாது, கொதிக்கவும் கூடாது. வளைந்ததை நிமிர்த்த முடியாது. புதிய செட் செய்யலாம். அல்லது தாடை எலும்பில் சில திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் செட்டைப் பொருத்தலாம், அது ஆடாது.

டாக்டர் மகனைப் பார்க்காமல் பெரியவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எது வேணும் ஐயா?"

பெரியவர் வாயிலிருந்து கையை எடுத்தார். பொக்கை வாயில் காற்றோடு கலந்து வந்தாலும் சொல் ஒவ்வொன்றும் புரிந்தது.

"தூண் நடறதுக்கு முன்னாடி மண்ணைப் பார்ப்போம். என் எலும்பு தாங்குமான்னு யார் பார்த்துச் சொல்லுவாங்க?"

"பல் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துச் சொல்லுவார்," என்றபடி டாக்டர் பேனாவை மூடினார். "என்கிட்ட உங்களுக்கு வேலை இல்லை."