பிளைவுட் டேப்லட்

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பது என்னவோ ஐந்தாம் வகுப்புதான். ஆனால் வாயைத் திறந்தால் ஜெயிக்காமல் மூடமாட்டாள். தூங்கும் நேரத்தை அரை மணி தள்ளிப் போட்டது, பிடிக்காத காய்க்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வாங்கியது எல்லாம் அவள் வாதாடி வாங்கிய தீர்ப்புகள்.

இந்த முறை அவள் எடுத்தது பெரிய வழக்கு.

"அப்பா, எனக்கு ஒரு டேப்லட் வேணும்."

வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்களுடைய தச்சுப்பட்டறை. அப்பா ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். அம்மா அலமாரிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன விலை?" என்றார் அப்பா.

அவள் சொன்னாள். இழைப்புளி நின்றது. பாலிஷ் பிரஷும் நின்றது. மரத்தூளில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி வாலு மட்டும் நிற்கவில்லை. அவன் எதற்கும் நிற்கிற ஆள் இல்லை.

"அடியம்மா! பட்டறைக்கு ரெண்டு மாச வாடகை!" என்றார் அம்மா.

"படிப்புக்குத்தாம்மா. கணக்கு, அறிவியல் எல்லாம் அதுல நல்லாப் புரியும்."

இதில் பாதிகூட உண்மை இல்லை. அவளுக்கு அதில் விளையாட வேண்டும். அதைவிட, ஓடும் படம் போட வேண்டும். அவளுடைய நோட்டுகளின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு குட்டிப் பையனைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைந்து வைத்திருப்பாள். பக்கங்களைச் சர்ரென்று புரட்டினால் அவன் ஓடுவான், தடுக்கி விழுவான், எழுந்து முறைப்பான். அந்த மாதிரி படங்களை ஒரு தோழியின் டேப்லட்டில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஆனால் பெரியவர்களிடம் படிப்பு என்று சொல்லிவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி என்பது அவள் அனுபவம்.

அப்பா முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"எவ்வளவு பெரிசு?"

"இவ்வளவு" என்று கையை விரித்துக் காட்டினாள்.

"கை அளவெல்லாம் பட்டறையில செல்லாது. போய் அளந்துட்டு வா."

தெருமுனைக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்கேலை வைத்து நீளம், அகலம் எல்லாம் அளந்துகொண்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். அப்பா அதே அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டை அறுத்தார். முனைகளை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா. ஒரு வாரம் இதை வெச்சுக்கோ. டேப்லட் இருந்தா இப்ப எடுப்பேன்னு தோணுறப்பல்லாம் இதை எடு. எதுக்குன்னு பின்பக்கம் எழுது. ஞாயித்துக்கிழமை பேசுவோம்."

"இது வெறும் பலகைப்பா!"

"ஆமா. அதான் சார்ஜ் போட வேண்டாம்."

வக்கீலால் மறுத்துப் பேச முடியவில்லை. ஏனென்றால் அது பட்டறையின் சட்டம். எதைச் செய்வதானாலும் அப்பா முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து, அது வரப்போகும் இடத்தில் வைத்துவிட்டு வருவார். நாலைந்து நாள் அதோடு பழகிப் பார்த்த பிறகுதான் மரத்தில் கை வைப்பார். போன வருடம் ஒரு வீட்டில் பெரிய அலமாரி கேட்டார்கள். அட்டை அலமாரியை வைத்துவிட்டு வந்தார். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் அதில் இடித்துக்கொண்டார். நாலாம் நாளே போன் வந்தது: "அண்ணா, அரை அடி குறைச்சிடுங்க!"

"அட்டையில இடிச்சா தோள் மட்டும் வலிக்கும். மரத்துல இடிச்சா காசும் சேர்ந்து வலிக்கும்" என்பார் அப்பா.

திங்கட்கிழமை வழக்கு தொடங்கியது.

பள்ளிக்குப் போகும்போது பலகையும் கூடவே போனது. "இதுல என்ன ஆப் இருக்கு?" என்று தோழிகள் சிரித்தார்கள். "கரையான் அரிக்காது. அது ஒண்ணுதான்" என்றாள் அவள். கேலிக்கெல்லாம் அசருகிற ஆளா அவள்!

வீட்டில் வாலு அதைப் பிடுங்கிக்கொண்டு கார் ஓட்டினான். வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டு, இடமும் வலமும் சாய்ந்து பத்து நிமிடம் ஓட்டினான். "அக்கா, முட்டிக்கிச்சு! இன்னொரு தடவை!" என்று கத்தினான். பலகையில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை அவன் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

வக்கீலுக்குத்தான் சிக்கல். பள்ளி விட்டு வந்து களைத்துப் போய் உட்காரும்போது கை தானாகப் பலகைக்குப் போனது. எதற்கு? விளையாடத்தான். அவள் பின்பக்கத்தைத் திருப்பி, 'கணக்குப் பாடம்' என்று எழுதினாள். மறுபடியும் போனது. 'அறிவியல் பாடம்' என்று எழுதினாள். புதன்கிழமைக்குள் ஏழு வரி சேர்ந்துவிட்டது. ஏழும் பாடம்! மனசு கொஞ்சம் உறுத்தியது. வழக்கு என்று வந்துவிட்டால் உறுத்தலை எல்லாம் பார்க்க முடியுமா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை ஒரு பல் டாக்டர் பட்டறைக்கு வந்தார். புதிதாகக் கிளினிக் திறக்கப் போகிறார். சின்ன அறை. கருவிகளை வைக்க அதில் ஓர் அலமாரி வேண்டும்.

காலி அறையை அப்பா ஏற்கெனவே அளந்து படம் போட்டு வைத்திருந்தார். அதை நீட்டினார். "அட்டையில ஒரு மாதிரி செஞ்சு அங்க வெச்சிடுறேன் டாக்டர். நாலு நாள் பாருங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல அண்ணா. அடுத்த வாரம் திறப்பு. படமே போதும்" என்ற டாக்டர், படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "ம்... சரி... நல்லாருக்கு... ஆரம்பிச்சிடுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த வக்கீலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"டாக்டர், படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"ஏய், வக்கீல்!" என்று அப்பா அதட்டினார்.

டாக்டரோ சிரித்துவிட்டார். "உண்மையைச் சொல்லட்டுமா பாப்பா? நேராப் பிடிச்சாலும் எனக்குப் புரியாது. எக்ஸ்ரேன்னா கொண்டா, பார்க்கிறேன்."

"நான் புரியிற மாதிரி போட்டுத் தரட்டுமா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பல் காட்டுறவங்க படுக்கிற நாற்காலி எங்க வரும்?"

"அலமாரி வர்ற இடத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் அளந்தபோது அந்த அறையில் நாற்காலியே இல்லை.

வக்கீல் பட்டறையின் குட்டி நோட்டை எடுத்துக்கொண்டாள். அப்பாவிடம் அலமாரிக் கதவின் அகலத்தைக் கேட்டாள். இரண்டரை அடி. எல்லாவற்றையும் அளவுக்கு ஏற்பச் சிறிதாக்கி வரையத் தொடங்கினாள். முதல் தாளில் நாற்காலி, அதில் ஆவென்று வாயைத் திறந்து படுத்திருக்கும் ஓர் ஆள், மூடிய அலமாரி. அடுத்த தாளில் அதே நாற்காலி, அதே ஆள், கதவு மட்டும் கொஞ்சம் திறந்து. இப்படிப் பன்னிரண்டு தாள்.

நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் டாக்டர் மூன்று போன் பேசினார், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார், வாலுவின் கடைவாயில் ஒரு சொத்தையையும் கண்டுபிடித்தார்.

"பாருங்க டாக்டர்" என்று வக்கீல் தாள்களைப் புரட்டினாள். கதவு திறந்தது. இன்னும் திறந்தது. பத்தாவது தாளில் நேராகப் போய் அந்த ஆளின் மண்டையில் இடித்தது.

"ஐயோ!" என்று டாக்டர் தன் தலையைத் தொட்டுக்கொண்டார். "பல்லைக் காட்ட வந்தவங்க மண்டையை உடைச்சிக்கிட்டுப் போவாங்களே!"

"ஸ்லைடிங் கதவு போட்டுடலாம் டாக்டர். பக்கவாட்டுல நகரும், முன்னாடி வராது" என்றார் அப்பா.

"அதையும் இதே மாதிரி ஓட்டிக் காட்டு பாப்பா. பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்."

வக்கீல் தன் விரல்களைப் பார்த்தாள். பென்சில் கரி ஒட்டி, நடுவிரல் சிவந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்தா? மறுபடியும் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஆவென்ற வாய்!

டாக்டருக்கும் நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீலின் கை பலகையைத் தேடியது. இந்த முறை விளையாட்டுக்கு இல்லை. டேப்லட்டில் நாற்காலியை ஒரு தடவை வரைந்தால் போதும், அடுத்த தாளுக்கு அதுவே வந்துவிடும். கதவை மட்டும் நகர்த்தினால் வேலை முடிந்தது. எட்டாவது வரியாக, 'டாக்டரின் கதவு' என்று எழுதினாள்.

எழுதிவிட்டு மேலே பார்த்தாள். மேலே ஏழு பொய். கீழே ஓர் உண்மை. எட்டும் அதே பென்சிலில், அதே கையெழுத்தில்! யார் பார்த்தாலும் எதை நம்புவார்கள்? அவளுக்கு முகம் சூடானது. வெட்கமாக இருந்தது.

உப்புத்தாளை எடுத்தாள். ஏழு வரிகளையும் பரபரவென்று தேய்த்து அழித்தாள். உண்மையில் எதற்காகப் பலகையை எடுத்தாளோ அதையே அந்த இடத்தில் எழுதினாள். விளையாட்டு. விளையாட்டு. ஓடும் படம். விளையாட்டு...

மிச்ச நாட்களிலும் ஒரு வரிகூட மாற்றி எழுதவில்லை. வழக்கு தோற்றுவிடும் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் பட்டறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா பலகையை வாங்கிப் படித்தார். விளையாட்டு பதினொன்று. ஓடும் படம் ஆறு. பாடம் இரண்டு. கதவு ஒன்று.

பிறகு கட்டைவிரலால் ஓர் இடத்தைத் தடவினார். மரத்தோடு புழங்குகிற விரல் ஆயிற்றே!

"இங்க மட்டும் பள்ளமா இருக்கே. எதைத் தேய்ச்ச?"

"பொய்யை" என்றாள் வக்கீல்.

"எத்தனை?"

"ஏழு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, பேசு. அது அந்த விலைக்குத் தகுமா?" என்றார் அப்பா.

வக்கீல் நிமிர்ந்து நின்றாள். "நான் முதல்ல கேட்டேனே, கடையில மேல் தட்டுல இருக்கிறது, அது நமக்குத் தகாது. அதுல நாலு கேமரா இருக்குன்னுதான் அந்த விலை. ஒரு வாரமா என் பலகையில கேமரான்னு ஒரு வரிகூட இல்ல. அளக்கப் போனப்பவே பார்த்தேன், கீழ்த் தட்டுல ஒண்ணு இருக்கு. எழுதுற பேனாவும் கூடவே தர்றாங்க. பாதி விலை. அதுவும் எனக்கு மட்டும்னா தகாது. பட்டறைக்கும் எனக்கும் சேர்த்துன்னா தகும்."

அம்மா விடவில்லை. "பென்சில்லயே அழகாப் போட்டியே. அதுக்குக் காசே ஆகலையே?"

"பென்சிலுக்கு ஆகலம்மா. ஆனா நாப்பது நிமிஷம் ஆச்சு. டாக்டர் சின்னதா ஒண்ணு மாத்தச் சொன்னா மறுபடியும் நாப்பது நிமிஷம். எல்லாரும் அவங்க மாதிரி உட்கார்ந்து வாலுவுக்குப் பல் பார்க்க மாட்டாங்க."

"அது சரி. விளையாட்டு பதினொண்ணுன்னு இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?"

வக்கீல் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அதுக்குப் பதில் இல்லம்மா. விளையாடணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்றாள்.

அப்பா பலகையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"இந்தப் பதினொண்ணை நீ எழுதினதாலதான் அந்த ஒண்ணை நம்புறேன். செருப்பைப் போடு. கடைக்காரன் மத்தியானம் பூட்டிட்டுப் போறதுக்குள்ள போகணும்."

கடைக்காரர் மேல் தட்டில் இருந்ததைத்தான் முதலில் எடுத்தார். "இது அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும் பாப்பா. உனக்கு எத்தனை ஜிபி வேணும்?"

"ரெண்டு கதவு, நாலு டிராயர் வரையிற அளவுக்கு" என்றாள் வக்கீல். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கீழ்த் தட்டுக்குக் குனிந்தார்.

திங்கட்கிழமை மாலை பல் டாக்டர் வந்தார். டேப்லட்டில் ஸ்லைடிங் கதவு வழுக்கிக்கொண்டு போனது. ஆவென்று படுத்திருந்த ஆள் பத்திரமாக இருந்தார்.

"கைப்பிடி இந்தப் பக்கம் வந்தா?" என்றார் டாக்டர். வந்தது. "டிராயர் இன்னும் கீழ?" இறங்கியது. "இல்லல்ல, பழைய இடமே நல்லாருக்கு." ஏறியது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இது என்ன விலை?" என்று கேட்டார் டாக்டர். அவள் சொன்னதும் புருவத்தை உயர்த்தினார். "அடேயப்பா! கொஞ்சம் கூடத்தான், இல்ல?"

"கூடத்தான் டாக்டர்" என்றாள் வக்கீல். "ஆனா இப்ப உங்களுக்கு மூணு தடவை மனசு மாறிடுச்சு. ஒரு துண்டு மரம்கூட வீணாகல."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை பற்களும் பளிச்சென்று தெரிந்தன.

"ஆரம்பிச்சிடுங்க அண்ணா" என்றார்.

அப்பா அலமாரிக்கான நீள மரப்பலகை ஒன்றை மேசைமேல் தூக்கி வைத்து, "வக்கீல், கதவு அளவைச் சொல்லு" என்றார். அவள் சொல்லச் சொல்ல, மரத்தில் முதல் கோட்டைப் போட்டார்.